‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்

ஓர் எளிய சோதனையைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். கட்டிலில் ஓர் இளம்பெண் படுத்திருக்கிறாள். ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு அவளது நாடித்துடிப்பு 72. இப்போது எழுந்து, எதன் மீதும் சாயாமல் நிற்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் துடிப்பு 98. ஐந்தாவது நிமிடத்தில் 112. பாதங்கள் மெல்லச் சிவந்து ஊதா நிறத்துக்குப் போகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நடுங்குகிறது, நாக்கு வறள்கிறது. ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலேயே, எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால், பதின்வயதினர் என்றால் 40-க்கு மேல் ஏறினால், அதை ‘போட்ஸ்’ என்கிறார்கள் மருத்துவர்கள். தானியங்கி நரம்பு மண்டலத்தின் கோளாறு அது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில், ஒரு கடிகாரம், ஒரு ரத்த அழுத்தக் கருவி போதும்.

அந்தச் சோதனையைச் செய்யாத இடத்தில் அதே பெண் என்ன சொல்வாள்? “டாக்டர், திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை நடுங்குது. மயக்கம் வர்ற மாதிரி இருக்கு. என்னவோ ஆயிருமோன்னு பயமா இருக்கு.” இசிஜி எடுப்பார்கள். ரத்தம், தைராய்டு பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். “எல்லாம் நார்மல்மா. டென்ஷன்தான். மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதே” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அதற்கு மேல் ஒரு படி: “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்.”

அந்தப் பெண்ணைப் போன்ற, பரம்பரையாக வரும் அரிய இணைப்புத் திசு நோய்கள் உள்ளவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இவர்களில் பலருக்குப் பதற்றம் உண்டு, மனச்சோர்வு உண்டு. அது உண்மை. ஆனால், அந்த உண்மையையே காரணம் காட்டி அவர்களுடைய உடல்நோயைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கைவிடப்பட்டவர்கள் பிறகு உண்மையான மனநலச் சிகிச்சையையும் நம்ப மறுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

உடலைக் கட்டி வைத்திருப்பது எது?

கல்யாணப் பந்தலில் கம்புகளையும் கீற்றையும் பார்ப்போம். கட்டியிருக்கும் கயிற்றை யாரும் பார்ப்பதில்லை. உடம்பில் அந்தக் கயிற்றின் வேலையைச் செய்வது இணைப்புத் திசு. தோல், தசைநாண், மூட்டை இறுக்கும் தசைநார், ரத்தக்குழாயின் சுவர், கண்ணின் வில்லையைத் தாங்கும் இழை, குடலின் சுவர் என்று எங்கும் அது இருக்கிறது. கொலாஜன், ஃபிப்ரிலின் போன்ற புரதங்களால் ஆனது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தால், தலை முதல் கால் வரை எந்த இடமும் தளரலாம்.

பாரிஸ் நகரக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான், நீண்டு மெலிந்த விரல்கள் கொண்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி 1896-இல் எழுதினார். அவர் பெயரால் அழைக்கப்படும் மார்ஃபான் நோய் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உயரம், ஒல்லி, நீண்ட கைகால், இடம்பெயரும் கண் வில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, விரிந்துகொண்டே போகும் பெருந்தமனி. அதன் மரபணுவை 1991-இல் கண்டுபிடித்தார்கள். டென்மார்க்கின் எலர்ஸ், பிரான்சின் டான்லோஸ் ஆகிய இரு தோல் மருத்துவர்களின் பெயரால் வழங்கும் எலர்ஸ்-டான்லோஸ் நோயில் 2017-ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி 13 வகைகள். இவற்றில் அதிகம் காணப்படுவது மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் வகை. சிக்கல் என்னவென்றால், மற்ற வகைகளுக்கெல்லாம் மரபணு தெரியும்; இந்த வகைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. ஆகவே, ‘எனக்கு இருக்கிறது’ என்று காட்ட இவர்களிடம் ஆய்வகச் சீட்டு எதுவும் கிடையாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து, கதையைக் கேட்டு, நம்பினால்தான் உண்டு.

தொட்டுப் பார்க்கும் முறை எளிது. சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைகிறதா? கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா? முழங்கையும் முழங்காலும் பின்புறமாக வளைகின்றனவா? முட்டியை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்க முடிகிறதா? இரு பக்கத்துக்கும் சேர்த்து மொத்தம் ஒன்பது மதிப்பெண். பெரியவர்களுக்கு ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: தெற்காசியர்களுக்கு இயல்பிலேயே மூட்டு நெகிழ்வு கூடுதல். வளைகிற விரல் மட்டும் நோயாகிவிடாது. வளைவோடு வலி, அடிக்கடி மூட்டு நழுவுதல், எளிதில் கன்றிப்போகும் தோல், தீராத களைப்பு எல்லாம் சேரும்போதுதான் யோசிக்க வேண்டும்.

சின்ன வயதில் இவர்கள் வகுப்பின் வித்தைக்காரர்கள். விரலைப் பின்னால் மடக்கிக் காட்டச் சொல்லி எல்லோரும் கூடிச் சிரித்திருப்பார்கள். அதே குழந்தை ‘முட்டி வலிக்குது, எழுதினா விரல் வலிக்குது’ என்றால், “விளையாடும்போது வலிக்கலையா?” என்பார்கள். உடற்பயிற்சி வகுப்பில் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும். தன் உடம்பு சொல்வதைத் தானே நம்பக்கூடாது என்ற பாடத்தை அந்தப் பிள்ளை பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டுவிடுகிறது. எனக்கு இந்த நோயின் முதல் மனக்காயம் என்று தோன்றுவது இதுதான்.

பயம் எங்கே பிறக்கிறது?

மூட்டு நெகிழ்வுக்கும் பதற்றத்துக்கும் உறவு இருக்கிறது என்று முதலில் அழுத்திச் சொன்னவர் பார்சிலோனாவின் மனநல மருத்துவர் அன்டோனியோ புல்பேனா. 1988 முதல் அவர் குழு இதைத் துருவியது. 1993-இல் வெளியான ஆய்வில், மூட்டு நெகிழ்வு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது; ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற நோயாளிகளில் 22 சதவீதம். இங்கிலாந்தின் பிரைட்டனில் ஜெசிகா எக்கிள்ஸ் என்ற மனநல மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 2012-இல் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். மூட்டு நெகிழ்வு உள்ளவர்களுக்கு, பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதி இருபுறமும் சற்றுப் பெரிதாக இருந்தது. ஸ்வீடன் தன் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. தற்கொலை முயற்சி இரு மடங்கு. ஆட்டிசம், ஏடிஹெச்டி ஆகியவையும் அதிகம். அந்த நோய் இல்லாத உடன்பிறப்புகளிடமும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது என்பது குடும்பமே சுமக்கும் பாரத்தையும் காட்டலாம், மரபணுவையும் காட்டலாம். இரண்டும் கலந்திருக்கலாம் என்பதே என் ஊகம்.

காரணம் என்ன? முதலில் சொன்ன அந்தப் பெண்ணிடமே விடை இருக்கிறது. ரத்தக்குழாயின் சுவர் தளர்ந்திருக்கிறது. எழுந்து நின்றதும் ரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குப் போதாமல் போய்விடக் கூடாதே என்று உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் விரைகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. நாய் துரத்தும்போது உடம்பில் என்னென்ன நடக்குமோ அத்தனையும், சமையலறையில் தோசைக்கல் முன்னால் நிற்கும்போதே நடக்கிறது. மூளை அந்தச் சமிக்ஞைகளைப் படித்து, ‘ஏதோ ஆபத்து’ என்று முடிவு கட்டுகிறது. துரத்துவது எதுவும் இல்லாததால் பயத்துக்கு ஒரு பொருளைத் தேடிக்கொள்கிறது: பரீட்சை, மாமியார், மரணம்.

ஆக, அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால், அது தொடங்கிய இடம் காலில் தேங்கிய ரத்தம். இறுக்கமான காலுறை, போதிய தண்ணீர், மருத்துவர் சொன்னால் கூடுதல் உப்பு, படுத்த நிலையில் தொடங்கும் படிப்படியான உடற்பயிற்சி ஆகியவற்றால் துடிப்பு அடங்கும்போது சிலருக்குப் பதற்றமும் குறைகிறது. உப்பு விஷயத்தில் மட்டும் யாரும் தன்னிச்சையாக இறங்கிவிட வேண்டாம். பெருந்தமனி விரிந்திருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவது ஆபத்து.

இதோடு தூக்கமின்மை. புரண்டு படுத்தால் தோள் நழுவும். நழுவிய தோளை இருட்டில் தானே தள்ளிப் பொருத்திக்கொண்டு, பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல், மறுநாள் காலை பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓயாத வலியும் கெட்ட தூக்கமும் சேர்ந்தால் எந்த மனமும் சோரும். அதற்கு அரிய நோய் எதுவும் தேவையில்லை.

நியாயமான பயத்தை என்ன செய்வது?

மார்ஃபான் நோயில் கதை வேறு. இங்கே பயத்துக்குப் பொருள் இருக்கிறது. அது நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்க வாலிபால் அணியின் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானின் மாட்சுவே நகரில் ஓர் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படியே தரையில் சரிந்தார். வயது 31. பிரேதப் பரிசோதனையில்தான் மார்ஃபான் நோயால் பெருந்தமனி கிழிந்தது தெரிந்தது. அதன்பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் நோய் இருந்தது. அறுவைச் சிகிச்சை அவரைக் காப்பாற்றியது. பத்தாண்டுகள் கழித்து, 1996 ஜனவரி 25 அன்று, ‘ரென்ட்’ இசை நாடகத்தை எழுதிய ஜோனதன் லார்சன் அதன் முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய நாளில் பெருந்தமனி கிழிந்து இறந்தார். வயது 35. அதற்கு முந்தைய சில நாள்களில் நெஞ்சுவலியோடு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருந்தார். ஒன்றில் உணவு நஞ்சு என்றார்கள், இன்னொன்றில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். அவருக்கும் கண்டறியப்படாத மார்ஃபான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் கருதப்பட்டது.

இந்தக் கதைகள் பல மார்ஃபான் குடும்பங்களுக்குத் தெரியும். இப்போது, அப்படிப்பட்ட ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் வலி வருகிறது. அது பதற்றமா, பெருந்தமனியா? ஸ்கேன் எடுக்காமல் அவராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. வழக்கமான பதற்றச் சிகிச்சையில் ‘உங்கள் பயம் அளவுக்கு மீறியது, ஆதாரத்தோடு சோதித்துப் பாருங்கள்’ என்று பழக்குவார்கள். இவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆதாரம் பயத்தின் பக்கமே இருக்கிறதே.

வருடா வருடம் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். பெருந்தமனியின் வேர் 4.1 சென்டிமீட்டர். அடுத்த வருடம் 4.3. ஐந்தைத் தொட்டால் பொதுவாக அறுவைச் சிகிச்சை. குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் அதற்கு முன்பே. வயதைப் பிறந்தநாளில் எண்ணுகிறவர்கள் நாம். இவர்கள் மில்லிமீட்டரில் எண்ணுகிறார்கள். எக்கோவுக்கு இரண்டு வாரம் முன்பே சோறு இறங்காது. ரிப்போர்ட் வந்த பிறகு இரண்டு வாரம் எரிச்சல் அடங்காது. இந்த மாதத்தில் அவர்களிடம் சண்டைக்குப் போகாமல் இருப்பதே வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

இழப்பின் இன்னொரு முகம் ஐசையா ஆஸ்டின். டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய, ஏழடிக்கு மேல் உயரமான கூடைப்பந்து வீரர். 2014 ஜூனில், அமெரிக்கத் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்குச் சில நாள்கள் முன்பு, மார்ஃபான் என்று தெரிந்தது. இனி போட்டி ஆட்டம் கிடையாது என்றார்கள். தேர்வு நாளன்று தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆணையர் ஆடம் சில்வர் நிகழ்ச்சியை இடையில் நிறுத்தி, சங்கத்தின் சார்பில் ஆஸ்டினைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். அரங்கமே எழுந்து நின்றது. 2016-இல் மருத்துவர்கள் அனுமதி கொடுக்க, அவர் வெளிநாட்டு அணிகளில் ஆடினார். எல்லோருக்கும் அப்படிக் கதவு மறுபடி திறப்பதில்லை. அந்த ஓரிரவில் ஒருவன் இழப்பது விளையாட்டை மட்டுமல்ல, ‘நான் யார்’ என்பதற்கு அவனிடம் இருந்த விடையையும்.

ஆனால், இணையத்தில் பழைய பக்கங்களைப் படித்துவிட்டு மனம் உடைகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மார்ஃபான் நோயாளிகள் சராசரியாக 32 வயதில் இறக்கிறார்கள் என்று 1972-இல் ஓர் ஆய்வு சொன்னது. தொண்ணூறுகளின் நடுவில், பாதிப் பேர் எழுபது வயதைத் தாண்டுவார்கள் என்று மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. இடையில் வந்தவை எக்கோ, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், 1968-இல் லண்டனில் ஹியூ பென்டால் வெளியிட்ட பெருந்தமனி வேர் மாற்று அறுவை. நோய் தெரிந்து கண்காணிப்பில் இருப்பவருக்கு 32 என்ற எண் பொருந்தாது. ரத்தக்குழாய்களைத் தாக்கும் எலர்ஸ்-டான்லோஸ் வகையில் நிலைமை இன்னும் கடினம். நடு ஆயுள் ஐம்பதை ஒட்டியே இருக்கிறது. இருபது வயதில் அந்தத் தகவலைக் கேட்கிறவரை ஒரு காகிதத்தோடு வெளியே அனுப்பிவிடக் கூடாது. கூடவே ஒரு மனநல ஆலோசகர் இருந்தாக வேண்டும்.

நம்பப்படாத வருடங்கள்

ஐரோப்பாவின் அரிய நோய்க் கூட்டமைப்பு 2009-இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களில் பாதிப் பேர் சரியான பெயரைக் கேட்க 14 வருடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த வருடங்களில் எத்தனை ‘டென்ஷன்தான்’, எத்தனை ‘நடிக்கிறியா?’ கேட்டிருப்பார்கள்? பெண்கள் என்றால் இன்னும் கூடுதல்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில், குளம்புச் சத்தம் கேட்டால் குதிரையை நினை, வரிக்குதிரையை நினைக்காதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். பொதுவாக நல்ல அறிவுரை. ஆனால், வரிக்குதிரைகளும் இருக்கின்றனவே! எலர்ஸ்-டான்லோஸ் நோயாளிகள் உலகெங்கும் தங்களை வரிக்குதிரைகள் என்று அழைத்துக்கொள்வது அதனால்தான்.

இங்கேதான் மனநலத்தின் முடிச்சு விழுகிறது. கோப்பில் ஒருமுறை ‘பதற்றம்’ என்று எழுதப்பட்டால், அதன்பிறகு வரும் ஒவ்வொரு வலியும் அந்தக் கண்ணாடி வழியாகவே படிக்கப்படுகிறது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நோயாளி, உண்மையாகவே வாழப் பிடிக்காத நாளிலும் மருத்துவர் முன் வாயைத் திறப்பதில்லை. ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால் உடம்பைப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். சிரித்த முகத்தோடு போய், மூட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஏற்பாட்டில் இருக்கிறது.

இதற்கு நடுவே நோயாளியே காவல்காரராகவும் இருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் நம் ஊரில் சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எழுதப்படுகின்றன. அவை பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம். மார்ஃபான், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழியிருந்தால் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. அதைச் சொல்லி மாத்திரையை மாற்றித் தரக் கேட்டால், “நெட்டுல படிச்சுட்டு வந்து எனக்கே சொல்றியா?” என்ற கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘யார் வழியாக வந்தது?’

மார்ஃபானும் அதிகம் காணப்படும் எலர்ஸ்-டான்லோஸ் வகைகளும் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உள்ளவை. மார்ஃபானில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. நம் வீடுகளில் பிள்ளைக்குப் பரம்பரை நோய் என்றதும் முதலில் எழும் பேச்சு, “அப்பவே சொன்னேன், சொந்தத்துல கட்டாதீங்கன்னு.” சில மிக அரிய எலர்ஸ்-டான்லோஸ் வகைகளுக்கு அது பொருந்தும். மார்ஃபானுக்குப் பொருந்தாது. அத்தை மகனைக் கட்டியதால் இது வரவில்லை. தாயின் ராசியாலும் வரவில்லை. இந்த ஒரு தகவலைத் தெளிவாகச் சொன்னாலே பல அம்மாக்களின் தூக்கம் திரும்பும்.

ஆனாலும் குற்றவுணர்வு அத்தனை சுலபமாகப் போவதில்லை. மகனின் நீண்ட விரலைப் பார்க்கும்போதெல்லாம் தன் விரலைப் பார்த்துக்கொள்ளும் அப்பா இருக்கிறார். நோய் இல்லாத தங்கை, ‘எனக்கு மட்டும் ஏன் வரவில்லை’ என்று கூசுகிறாள். வரன் பார்க்கும்போது சொல்லலாமா, மறைக்கலாமா என்று வீடு இரண்டாகிறது. என் கருத்து: சொல்ல வேண்டும். மார்ஃபான் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் பெருந்தமனிக்கு ஆபத்து கூடும் என்பதால், மறைத்துச் செய்யும் கல்யாணம் அவள் உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

என்ன செய்யலாம்?

நார்வேயில் ஓஸ்லோவுக்கு அருகே சுன்னாஸ் மருத்துவமனையில் அரிய நோய்களுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. மருத்துவர், உளவியலாளர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே குழு. மூட்டைப் பற்றிச் சொல்லும் அதே அறையில் மனதைப் பற்றியும் சொல்லலாம். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. நமக்குத் தேவை இந்த ஏற்பாடுதான். இந்தியாவில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. சிறப்பு மையங்களும் அறிவிக்கப்பட்டன. பேச்சு பெரும்பாலும் விலையுயர்ந்த மருந்துகளைச் சுற்றியே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளிலும் இந்த நோய்களின் பெயர் இல்லை. மரபியல் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு மனநல ஆலோசகரை அமர்த்துவது பெரிய செலவு இல்லை. அரசு செய்ய வேண்டும்.

மனநல மருத்துவர்களும் இந்த நோய்களைப் படித்திருக்க வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பெருந்தமனியின் அளவு தெரியாமல் அவற்றை எழுதக் கூடாது. பீட்டா பிளாக்கர் தரும் களைப்பு மனச்சோர்வைப் போலவே தோன்றலாம். நியாயமான பயம் உள்ளவருக்கு, பயத்தை மறுக்கும் பேச்சு வேலை செய்யாது. எந்த மாதிரி வலி வந்தால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது, எந்தத் தாளைக் காட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம் வேலை செய்யும். திட்டம் பையில் இருந்தால், அதற்கு வெளியே உள்ள நேரத்தில் வாழப் பழகுவதைச் சிகிச்சை கற்றுத்தரலாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், நோயின் பெயர், கடைசி எக்கோ அளவு, தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி அவருடைய கைப்பையில் இன்றே வையுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் வலி வந்தால், ‘டென்ஷனாக இருக்கும்’ என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நோயின் பெயரைச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள். மனம் தாளாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.